கிளடிஸ் அழுத செத்தவீடுகள்

ரொறன்ரோவுக்குப் படம் பிடிக்க வருகிற ஹொலிவூட்காரருக்கு அழுவதற்கு ஒரு பெண் தேவைப்பட்டால் பார்க்டேலில் ஒரு தொலைபேசி அடிக்கும். இருபத்தெட்டு வருசமாக அப்படித்தான். எடுக்கிறவள் கிளடிஸ். யார் செத்தது, எப்படிச் செத்தது என்று ஒரு கேள்வி கேட்கமாட்டாள். எத்தனை மணிக்கு, எந்த இடம், அங்கே பஸ் போகுமா, இவ்வளவு தெரிந்தால் அவளுக்குப் போதும்.

ஈராக்கில் குண்டு விழுந்த வீட்டின் தாயாக அழுதிருக்கிறாள். மெக்சிக்கோ எல்லையில் மகனைத் தொலைத்தவளாக அழுதிருக்கிறாள். ஒருமுறை கிரேக்க நாட்டு விதவையாகவும் அழுதாள். அதற்கு மட்டும் முகத்துக்கு இரண்டு பூச்சு பவுடர் கூடப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் நிலம் துடைப்பவள், கோட்டுக்குச் சாட்சி சொல்ல வந்து வாயே திறக்காதவள், அகதி முகாமில் கோப்பையோடு வரிசையில் நிற்பவள் என்று நூறு படத்துக்கு மேலே இருக்கும். பெயர்? அந்தப் பேச்சே இல்லை. படம் முடிந்து எழுத்து ஓடும்போது எழும்பிப் போகாமல் பொறுமையாக இருந்து பார்த்தால் 'அழும் பெண், மூன்று' என்று ஒரு வரி வரும். அது அவள்தான். பல படங்களில் அந்த வரியும் வராது.

மற்றவர்கள் கண்ணுக்குக் கீழே மருந்து பூசிக்கொண்டு மூக்கை உறிஞ்சி உறிஞ்சி நிற்பார்கள். கிளடிசுக்கு ஒன்றும் வேண்டாம். டிரெக்டர் கையை உயர்த்தினால் கண்ணீர் பொலபொலவென்று வரும். கையை இறக்கினால் நின்றுவிடும். என்ன நினைத்து அழுகிறாய் என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள். எங்கேயோ ஒரு வீட்டில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. இதைத்தான் அவள் நினைப்பது. யுத்த காலத்தில் ஊருக்கு அழைத்து அழைத்துப் பார்த்த எங்கள் சனத்துக்கு அதன் கனம் விளங்கும். வெள்ளைக்காரனுக்கு இதை விளக்கப் போனால் பொழுது போய்விடும்.

இந்தத் தொழிலுக்கு அவள் ஆசைப்பட்டு வந்தவளில்லை. மன்னார் பேசாலையில் பிறந்து, எண்பத்தேழில் அண்ணன் அன்புராசா கூப்பிட்டு வந்தவள். பார்க்டேலில் ஆறு பெடியங்கள் நெருக்கியடித்து இருந்த வீட்டில் அண்ணன் ஒரு மூலையைப் போர்வையால் மறைத்துக் கட்டினார். "இது என்ரை தங்கச்சியின்ரை பக்கம். ஒருத்தன் எட்டிப் பாத்தாலும் காலை முறிப்பன்" என்றார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அன்புராசா சொன்னால் செய்கிறவர், எல்லோருக்கும் தெரியும். கிளிபோட் என்கிற மாப்பிள்ளையை விசாரித்து அவளுக்குக் கட்டிவைத்ததும் அவர்தான். ஒன்பது வருசத்தில் கிளிபோட் மாரடைப்பில் போனபோது சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவர்தான். பிள்ளைகள் இல்லை. உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அண்ணன் ஒருவர்தான்.

கிளிபோட் போன அடுத்த மாதம், அவள் வேலை செய்த கோட்டலில் படம் பிடிக்க வந்தார்கள். கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் கிளடிஸ் படுக்கை விரிப்புகளை மடித்தபடி தன்பாட்டில் அழுதுகொண்டிருந்தாள். டிரெக்டர் கண்டுவிட்டான். "அப்படியே நில்லுங்கள்" என்று கமராவைத் திருப்பினான். அவளுடைய முதல் அழுகை நடிப்பே இல்லை.

அந்தப் படம் ரீவியில் வந்த அன்று அன்புராசா செய்த அட்டகாசம் இருக்கிறதே! மேல்மாடி, கீழ்மாடி என்று தமிழ்ச் சனம் முழுவதையும் கூட்டிவந்து வீட்டில் இருத்தி, வீடியோவில் பதிந்து, நிறுத்தி நிறுத்திக் காட்டினார். "இந்தா, இந்தத் தோள்! இது ஆர்? எங்கட கிளடி!" முகம் அரை நிமிசம்கூட வரவில்லை. அதனால் என்ன, தோளுக்கே கைதட்டு வாங்கிக் கொடுத்தார் மனிதர்.

அப்படிப்பட்டவர் பத்தொன்பது வருசம் தங்கச்சியோடு ஏன் கதைக்கவில்லை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறில் பேசாலையில் அம்மா கண்ணை மூடினா. யுத்தம் மறுபடி மூண்ட நேரம், போக வழியில்லை. அடக்கத்தை அண்ணனும் தங்கச்சியும் தொலைபேசியில் காதால் கேட்டதோடு சரி. அதனால் முப்பத்தோராம் நாள் பூசையையாவது இங்கே முறையாகச் செய்யவேண்டும் என்று அன்புராசா ஒற்றைக்காலில் நின்றார். ஸ்காபரோ தேவாலயத்தில் மத்தியானம் பூசை, பிறகு மண்டபத்தில் இருநூறு பேருக்குச் சாப்பாடு.

அந்த மாதம்தான் கிளடிசுக்கு முதன்முதலாக ஒரு வசனம் கிடைத்திருந்தது. ஒன்பது வருசம் வாய்திறக்காமல் அழுதவளுக்கு ஒரு வசனம்! ஆங்கிலத்தில் ஐந்தே சொற்கள்: என் பிள்ளையைப் பார்க்க விடுங்கள் என்று ஒரு பொலிஸ்காரனைக் கேட்கவேண்டும். மழை பெய்து படப்பிடிப்புத் தள்ளிப்போய், போயும் போயும் அந்தச் சனிக்கிழமையில் வந்து விழுந்தது. காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு விட்டுவிடுவோம் என்றார்கள். அவளும் நம்பினாள். அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறித்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவள் செய்த பிழை அதுதான்.

பத்து மணி பன்னிரண்டாயிற்று, பன்னிரண்டு நாலாயிற்று. பதினொரு தடவை எடுத்தார்கள். அன்றைக்கு அவளுக்குத் தொலைபேசி நினைவு தேவைப்படவில்லை. பதினொரு தடவையும் அவள் மனதுக்குள் பேசாலையில் அம்மாவின் சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொலிஸ்காரனாக நடித்த பையனே கண்ணைத் துடைத்தான். மண்டபத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கறுப்புச் சட்டை, முகத்தில் மை கரைந்து ஓடிய கோடு.

"எங்கை அழுதிட்டு வாறாய்?" என்றார் அன்புராசா.

பொய் சொல்லியிருக்கலாம். பாவி, உண்மையைச் சொன்னாள்.

"அம்மாவுக்கு விடவேண்டிய கண்ணீரைக் கொண்டுபோய் ஆருக்கோ வித்திட்டு வாறியோ? அம்மாவின்ரை பூசைக்கு வராமல், ஆர்ரையோ பொய்ச் செத்தவீட்டிலை போய் அழுதியோ?" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. "இனி என்னோடை கதையாதை."

சொன்னால் செய்கிறவர் என்று சொன்னேனல்லவா. செய்தார்.

அடுத்த வருசம் படம் வந்தது. கிளடிஸ் தனியாகப் போய்ப் பார்த்தாள். அந்த ஐந்து சொற்களையும் வெட்டிவிட்டார்கள். ஒரு முதுகு, ஒரு தோள், இரண்டு விநாடி. இதற்காகவா என் அண்ணனைத் தொலைத்தேன் என்று இருட்டுக்குள் வாய்விட்டுக் கேட்டாள். முன்வரிசையில் இருந்தவன் திரும்பி உஸ் என்றான்.

அன்புராசா விட்பியில் புது வீடு வாங்கிக் குடிபோனார். கிளடிஸ் பார்க்டேலிலேயே இருந்துவிட்டாள். ஒவ்வொரு மார்கழியும் நத்தார்ப் பண்டிகைக்கு விட்பிக்கு அழைப்பாள். அண்ணி றெஜினா எடுத்து, "குளிக்கிறார் கிளடி" என்பாள். பத்தொன்பது நத்தாருக்கும் மனிதர் குளித்துக்கொண்டே இருந்தார். அண்ணன் மகள் மெலனியின் கலியாணத்துக்கு அழைப்பு வந்தது. போனாள், கதவோரத்து மேசையில் இருத்தினார்கள். அன்புராசா மேசை மேசையாகக் கைகூப்பிக்கொண்டு வந்து, அவளுடைய மேசைக்கு முந்தின மேசையோடு திரும்பிப் போனார். அவள் சோற்றைத் தொடாமல் எழும்பி வந்தாள். சாவதற்கு முதல் அண்ணன் ஒருக்கால், ஒரேயொருக்கால், 'கிளடி' என்று கூப்பிட்டால் போதும். அறுபத்தேழு வயதில் அவளுக்கு வேறு ஆசை இல்லை.

போன வைகாசியில் கஜீவன் வந்தான். இங்கே பிறந்த பையன், சொந்தக் கதையைப் படமாக்குகிறான். தன் அம்மம்மாவின் செத்தவீட்டில் தொடங்குகிற கதை. கிளடிசுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தமிழச்சி வேசம், அதுவும் பெயரோடு: மரியம்மா.

"எத்தினை வசனம் தம்பி?" என்று கேட்டாள்.

"அன்ரி, சொறி... நீங்கதான் டெட் பொடி."

கிளடிஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "இவ்வளவு நாளும் அழுது களைச்சுப்போனன். இனி மற்றவை அழட்டும், நான் படுக்கிறன்" என்றாள்.

சவப்பெட்டிக்கு மேலே வைக்க, இளமையில் எடுத்த படம் ஒன்று தரமுடியுமா என்று கேட்டான். அவளிடம் நல்ல படம் ஒன்றுதான் இருந்தது. வந்த புதிதில் அன்புராசா முதன்முதலாக ஒரு கமரா வாங்கி, ஏரிக்கரையில் நிற்கவைத்து எடுத்தது. "சிரி, சிரி, அம்மாவுக்கு அனுப்பவேணும்" என்று சொல்லிச் சொல்லி எடுத்தார். அதைச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். வேறென்ன நினைத்தாள் பாவம்? படத்தில் நல்லாயிருக்கும் என்று நினைத்தாள்.

பிறம்ரனில் ஒரு பழைய களஞ்சியத்துக்குள் செத்தவீடு போட்டார்கள். மெழுகுதிரி, மாலை, சிலுவை, படம், எல்லாம் அச்சொட்டாக எங்கள் செத்தவீடு. நூறு தமிழ்ச் சனம் செத்தவீட்டுக் கூட்டமாக நடிக்க வந்தது. போன்களை வாங்கிக் கூடையில் போட்டார்கள். மரியோ என்கிற பெடியன் ஒருவன் மட்டும் தன்னுடையதைக் காலுறைக்குள் செருகிக்கொண்டான். இடைவேளையில் கிளடிஸ் படுத்திருந்த சவப்பெட்டியோடு ஒரு படம் எடுத்து, 'இண்டைக்கு எங்கட செத்தவீடு' என்று பகிடியாக யாருக்கோ அனுப்பினான்.

எங்கள் சனத்துக்கு மரணச் செய்தி என்றால் கை சும்மா இருக்குமா? வாட்ஸப்பில் மூன்றாவது கைக்குப் போகையில் பகிடி உதிர்ந்துவிட்டது. நாலாவது கையில் ஒருத்தி முகத்தை அடையாளம் கண்டாள். ஐந்தாவதில், 'பேசாலையைச் சேர்ந்த கிளடிஸ் அன்ரி காலமானார்' என்று கைகூப்பிய படங்களோடு புறப்பட்டு ஒஸ்லோவுக்கும் பாரிசுக்கும் போய், ஒரு மணித்தியாலத்துக்குள் விட்பிக்கும் வந்து சேர்ந்தது. ஒருவராவது ஒரு அழைப்பு எடுத்துச் சரிபார்த்தார்களா? இல்லை. கவலை தெரிவிக்க மட்டும் அவசரம்.

கிளடிஸ் பெட்டிக்குள் மூச்சைப் பிடித்தபடி படுத்திருந்தாள். பின்னேரம் நாலு மணிக்கு எழுப்பிவிட்டுப் போனைக் கையில் கொடுத்தார்கள். எழுபத்தொரு தவறிய அழைப்பு. வீட்டில் கொண்டுபோய் விடுகிற வானுக்குள் ஏறி இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் விட்பி நம்பரில் வந்து நின்றாள். குரல் செய்தி ஒன்று இருந்தது.

"இந்தப் போனை ஆர் வைச்சிருக்கிறியளோ தெரியாது. நான் அவளின்ரை தமையன்..." கொஞ்ச நேரம் விசும்பல் மட்டும். பிறகு, "கிளடி! நான் உன்னைத் தண்டிச்சுப்போட்டன் பிள்ளை. பூசையண்டைக்கு நீ நடிச்ச அந்தப் படத்தை நான் ரீவியிலை பாத்தனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உன்ரை தோளைக் கண்டோடனை எனக்குத் தெரிஞ்சுது, நீ அம்மாவுக்குத்தான் அழுகிறாய் எண்டு. தெரிஞ்சும் நான் போன் எடுக்கேல்லை. அம்மா கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுவன்? என்னை மன்னிச்சுக்கொள், என்ரை தங்கமே."

முகத்தில் பிணத்துக்குப் பூசிய வெள்ளைப் பவுடரோடு அவள் வானுக்குள் இருந்து ஓவென்று அழுதாள். ஓட்டிவந்த பையன் பயந்து ஓரமாக நிறுத்தினான். "ஒண்டுமில்லை தம்பி. சந்தோசம்" என்றாள். உடனே விட்பிக்கு அழைத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"அண்ணை, நான் கிளடி."

அந்தப் பக்கம் மூச்சுக் கேட்டது.

"அண்ணை, நான் சாகேல்லை. அது படத்துக்கு எடுத்தது. ஆரோ பெடியன் படம்பிடிச்சு அனுப்பிப்போட்டான்." பத்தொன்பது வருசப் பாரம் இறங்கிய சந்தோசத்தில் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "நான் நல்லாத்தான் இருக்கிறன் அண்ணை!"

"சிரிக்கிறியோ?" என்றார்.

"இல்லை அண்ணை, நான்..."

"பெட்டிக்கு மேலை வைச்சிருந்தது நான் எடுத்த படம். அதை நீதான் குடுத்தனியோ?"

"ஓம் அண்ணை. அவங்கள் கேட்டாங்கள், நான் யோசிக்கேல்லை."

"நோர்வேக்கு எடுத்து அழுதன். ஜேர்மனிக்கு எடுத்து அழுதன். பங்குச் சுவாமிக்கு எடுத்துப் பூசைக்குச் சொல்லி அழுதன். உனக்குப் போன் எடுத்தும் அழுதன்." அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. "நல்லா அழப்பண்ணினாய். உன்ரை தொழில் அதுதானே."

வைத்துவிட்டார். அவள் திருப்பி எடுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் மெலனி அழைத்தாள். "மாமி, ஐ பிலீவ் யூ. அப்பாவுக்கு நான் எக்ஸ்பிளெயின் பண்ணினன். மரியோ எண்ட பெடியன் வீட்டுக்கே வந்து சொறி சொன்னவன். அவர் கேக்கிறார் இல்லை." குரலைத் தணித்தாள். "மாமி, உங்களுக்கெண்டு சொன்ன பூசையை அவர் கான்சல் பண்ணேல்லை. வாற ஞாயிற்றுக்கிழமை. விடு, நடக்கட்டும் எண்டிட்டார். ப்ளீஸ், நீங்க வராதேங்கோ."

வராதே என்றால் யார் கேட்பது? ஸ்காபரோ தேவாலயத்தில் மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற தமிழ்ப் பூசை. பார்க்டேலிலிருந்து மூன்று வாகனம் மாறி வந்தாள். பூசையில் சமாதானம் சொல்கிற நேரம் ஒன்று உண்டு. முன்வரிசை வாங்கில் இருப்பவர் திரும்பி, பின்வரிசை வாங்கில் யார் நின்றாலும் கைகூப்பித்தான் ஆகவேண்டும். கமரா எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்து இடம்பிடித்துப் பழகியவள் அவள். அன்புராசா, றெஜினா, மெலனி மூவரும் இருந்த வாங்குக்கு நேர் பின்னால், அண்ணனின் முதுகுக்குப் பின்னாலேயே வந்து இருந்தாள். திரும்புகிறபோது 'அண்ணை, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ' என்று சொல்லவேண்டும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

தொடக்கத்திலேயே சுவாமி வாசித்தார்: "காலஞ்சென்ற கிளடிஸ் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக இத்திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது. வேண்டுபவர், அன்புச் சகோதரன் அன்புராசா."

முன்னாலிருந்த முதுகு ஆடியது. கிளடிஸ் எத்தனை நூறு பேர் பொய்யாக அழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள்! இது பொய்யில்லை. சத்தம் வெளியே வராமல் வாயைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டு, எழுபத்துநாலு வயது மனிதர் தோள் குலுங்கக் குலுங்க அழுதார். கையை நீட்டினால் தோளைத் தொடலாம். தன்னுடைய கையைத் தன்னுடைய மற்றக் கையால் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

சமாதானத்துக்கு நேரம் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். றெஜினா அவளைக் கண்டு வாயில் கைவைத்தாள். மெலனி கண்ணை மூடிக்கொண்டாள். அன்புராசா மெல்லத் திரும்பினார்.

கண்டார். நேருக்கு நேர் கண்டார். அழுது சிவந்த கண், உதடு துடித்தது. 'கிளடி' என்று இப்போது சொல்வார் என்று அவள் முன்னுக்குச் சாய்ந்தாள். அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"சமாதானம்" என்றார்.

முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்கிற அதே குரல். அவளுக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் திரும்பி, அதே கைகூப்பல், அதே "சமாதானம்." அதற்கடுத்து ஒரு கிழவருக்கு. பிறகு பீடத்தின் பக்கம் திரும்பிவிட்டார்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததற்கு இடமே வரவில்லை. அவளும் கைகூப்பியபடி, அந்த முதுகைப் பார்த்து, "சமாதானம்" என்றாள்.

கண்ணீர் வந்தது. இதை நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண் ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். இரங்கி, கடதாசிக் கைலேஞ்சி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"அழாதேங்கோ அன்ரி. செத்துப்போனவவை உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம் பிள்ளை. முன்னுக்கு நிக்கிறாரே, அவரின்ரை தங்கச்சி."

"ஐயோ பாவம்," என்றாள் அந்தப் பெண். "அந்த ஐயா தங்கச்சியிலை எவ்வளவு பாசம் வைச்சிருந்திருக்கிறார்."

"ஓம்," என்றாள் கிளடிஸ். "சரியான பாசம்."